எந்த வரைபடத்தை நம்புவது? திருகோணமலை வீதிகளில் வழிகாட்டும் செயலிகள்

திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்கு எப்படிப் போவது? ஒரு தலைமுறைக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் இருந்திருக்கின்றன. இறங்குதுறையில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடப்பது ஒன்று. கிண்ணியாத் துறையில் ‘பாதை’ ஏறி, அதற்கப்பாலும் துறைகள் கடந்து தரைவழியே போவது இன்னொன்று. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, தெற்கே உள்ள ஆறுகளுக்கும் பாலங்கள் வந்த பிறகு, மட்டக்களப்பு நோக்கிய ஏ-15 வீதியில் நிற்காமலே போவது மூன்றாவது.

கிழக்கு மாகாணப் பேச்சில் ‘பாதை’ என்றால் நடந்துபோகும் வழி மட்டுமல்ல. ஆற்றிலும் களப்பிலும் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைக்கும் அதுவே பெயர். நிலமும் நீரும் இப்படிப் பின்னிக் கிடக்கும் ஒரு மாவட்டத்தில் வழி என்பது காலத்துக்குக் காலம், சில இடங்களில் மாரிக்கு மாரி, மாறிக்கொண்டிருக்கும் ஒன்று. ஆகவே கைத்தொலைபேசியில் எந்த வரைபடச் செயலியை நம்புவது என்ற கேள்வி இங்கே மற்ற இடங்களைவிடக் கனமானது. அந்தக் கேள்விக்கு முன்வைக்கப்பட்டுள்ள முக்கிய விடைகளை, அவை பிறந்த சூழலோடும் அவற்றின் குறைகளோடும் சேர்த்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

செயலிக்கு முந்திய விடைகள்

யாருடைய வழிகாட்டலை நம்புவது என்ற கேள்வி கொட்டியாரக் குடாவுக்குப் புதியதல்ல. 1659 இறுதியில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று இக்குடாவில் ஒதுங்கியது. அதிலிருந்த ரொபர்ட் நொக்ஸ் அடுத்த ஆண்டு கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாட்டின் உட்பகுதியில் வாழ்ந்தார். அவர் கையில் வரைபடம் இருக்கவில்லை. ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்து, வழியில் பேச்சுக் கொடுத்து வடக்கே போகும் வழியைச் சிறுகச் சிறுகத் தெரிந்துகொண்டுதான் அவர் 1679இல் தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் தீவின் வரைபடம் ஒன்றும் இருந்தது. ஊராரிடம் கேட்டுப் பெற்ற அறிவு தாளில் ஏறி வெளியுலகுக்குப் போனதற்கு இந்தக் கரையிலிருந்து தொடங்கும் பழைய சான்று அது.

ஆங்கிலேயர் 1795இல் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஆளுநர் பிரட்ரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். ஒரு மைலை ஓர் அங்குலமாக்கிய வரைபடங்கள் நெடுங்காலம் நாட்டின் அடிப்படை வரைபடங்களாக இருந்தன. பின்னர் 1:50,000 அளவில், 92 தாள்களில், மீற்றர் முறை வரைபடங்கள் வந்தன.

சாதாரண மக்களுக்கு அந்தத் தாள்களைவிட வீதியோரக் கட்டைகளே பயன்பட்டன. மைற்கல்லை ‘கட்டை’ என்றார்கள். கட்டையின் எண்ணே இடத்தின் பெயராயிற்று. மூதூர்ப் பக்கத்தில் 64ஆம் கட்டை இன்றும் அப்படியே சொல்லப்படுகிறது. கண்டி வீதியில் முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் பக்கம் போனால் தொண்ணூறுகளில் ஓடும் கட்டை எண்கள் காதில் விழும். மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பிறகும் எண்கள் மாறவில்லை. இடத்தை ஒரு சொல்லில் அடக்கும் இந்த முறையோடுதான் இன்றைய செயலி போட்டியிட வேண்டியிருக்கிறது.

செயலிகள் எதில் வேறுபடுகின்றன?

வழிகாட்டும் செயலி எதுவாயினும் மூன்று வேலைகளைச் செய்கிறது: நாம் நிற்கும் இடத்தை அறிவது, வீதி வலையமைப்பைத் தரவாக வைத்திருப்பது, அந்த வலையில் குறைந்த நேரத்துக்கான வழியைக் கணிப்பது.

முதலாவது வேலையை ஜிபிஎஸ் முதலிய செய்மதித் தொகுதிகள் செய்கின்றன. பொதுமக்களுக்குரிய ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. அதன் பின் திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைத்தொலைபேசியே சுமார் 5 மீற்றருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. இதற்கு டேட்டா தேவையில்லை. டேட்டா தீர்ந்தால் ஜிபிஎஸ்ஸும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நிற்பது வரைபடத் தரவின் வரவு மட்டுமே.

மூன்றாவது வேலையின் அடிப்படைக் கணிதத்தை நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். இன்றைய செயலிகள் அதைப் பல மடங்கு வேகப்படுத்தியிருக்கின்றன, அடிப்படை மாறவில்லை. ஆக, இடமறிதலிலும் கணிப்பிலும் செயலிகளுக்கிடையே பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் நடுவில் உள்ள தரவில் இருக்கிறது: யார் சேர்த்தது, எப்போது சேர்த்தது, பிழையென்றால் யார் திருத்துவது. கீழே வரும் நிலைப்பாடுகள் அனைத்தும் இந்த மூன்று கேள்விகளுக்கான வெவ்வேறு விடைகளே.

முதல் நிலைப்பாடு: பெருநிறுவனத்தின் வரைபடம்

கூகுள் வரைபடம் 2005 பெப்ரவரியில் வந்தது. 2009இல் அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் திருப்பத்துக்குத் திருப்பம் வழிசொல்லத் தொடங்கியது. செய்மதிப் படங்கள், பிற அமைப்புகளின் தரவு, பயனர்களின் திருத்தங்கள், கோடிக்கணக்கான தொலைபேசிகளின் நகர்வு ஆகிய நான்கையும் ஒன்றாகப் பிசைந்து உருவாகும் வரைபடம் அது. தரவு எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவுக்கு வரைபடம் உண்மையை நெருங்கும் என்பதே இதன் பின்னுள்ள நம்பிக்கை.

திருகோணமலையில் இந்த நம்பிக்கை ஓரளவு பலிக்கிறது. நகரின் வங்கிகள், மருந்தகங்கள், உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகள் போன்ற வணிக இடங்களைத் தேட இதற்கு நிகரானது இல்லை என்று சொல்லலாம். ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக வரும் ஏ-6, அநுராதபுரம் பக்கமிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வரும் ஏ-12 போன்ற பிரதான வீதிகளில் வாகன ஓட்டம் உண்டு. ஆகவே நேரக் கணிப்பும் பெரும்பாலும் பொருந்தும்.

குறையும் அதே ஊற்றிலிருந்துதான் வருகிறது. 2020இல் பேர்லினில் கலைஞர் சைமன் வெக்கர்ட் 99 தொலைபேசிகளை ஒரு சிறு இழுவண்டியில் போட்டு வெறுமையான தெருவில் இழுத்துச் சென்றார். செயலி அந்தத் தெருவில் கடும் நெரிசல் என்று காட்டியது. தொலைபேசி கூடினால் நெரிசல் என்று வாசிக்கும் இயந்திரம், தொலைபேசியே போகாத வீதியைப் பற்றி என்ன சொல்லும்? மொறவெவ, கோமரங்கடவல, பதவி ஸ்ரீபுர போன்ற உட்பிரதேசங்களில் அது நேரத்தை ஊகிக்கத்தான் முடியும். யானை கடக்கும் நேரத்தில் கந்தளாய்ப் பக்கத்துக் காட்டு வீதியில் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பது அந்த ஊகத்துக்குள் வருவதில்லை.

இரண்டாவது குறை, திருத்தும் உரிமை. பயனர் சுட்டிக்காட்டலாம், ஏற்பதும் தள்ளுவதும் நிறுவனத்தின் கையில். பயனர்கள் நேரடியாக வீதி வரைய இடம் கொடுத்த மெப் மேக்கர் சேவையை 2008இல் தொடங்கிய கூகுள், 2017இல் அதை மூடிவிட்டது.

எவ்வளவு பெரிய நிறுவனமும் வரைபடத்தில் வழுக்கலாம் என்பதற்கு அப்பிள் சான்று. 2012 செப்டெம்பரில் வெளிவந்த அதன் வரைபடத்தில் பிழைகள் மலிந்திருந்ததால் தலைமை நிறைவேற்று அதிகாரி டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவுஸ்திரேலியாவின் மில்டுரா நகரைத் தேடியவர்கள் வெகுதொலைவில் உள்ள வறண்ட தேசியப் பூங்காவுக்குள் சிக்கியதால், அவ்வாண்டு டிசம்பரில் விக்டோரியா மாநிலப் பொலிஸார் எச்சரிக்கை விட நேர்ந்தது. அப்பிள் வரைபடம் அதன் பின் வெகுவாகத் தேறியிருக்கிறது. ஆனால் அதன் வசதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. சிறிய சந்தைகள் வரிசையில் பின்னால்தான் நிற்கின்றன.

இரண்டாம் நிலைப்பாடு: ஓட்டுநர்களின் உடனடிக் கூட்டறிவு

இஸ்ரேலில் உருவாகி 2013இல் கூகுளின் கைக்குப் போன வேஸ் செயலியின் அடிப்படை எளியது: வீதியில் இருப்பவருக்கே வீதி தெரியும். விபத்து, குழி, பொலிஸ் சோதனை, வெள்ளம் ஆகியவற்றை ஓட்டுநர்களே அறிவிக்கிறார்கள். பின்னால் வருபவர் பயனடைகிறார்.

கருத்து நல்லது. அது வேலை செய்யவேண்டுமானால் ஒரே வீதியில் ஒரே நேரத்தில் போதிய பயனர்கள் இருக்க வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி 2,700க்கும் மேற்பட்ட சதுர கிலோமீற்றர் பரப்பில் 3,79,541 பேர் வாழ்ந்த மாவட்டம் இது. பெருநகர நெரிசலுக்காகப் பிறந்த இம்முறை இவ்வளவு ஐதான பரவலில் பெரிதாக உதவும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இங்கே அந்த வேலையை முச்சக்கரவண்டித் தரிப்பிடங்களும் பஸ் சாரதிகளும் வட்ஸ்அப் குழுக்களும் செய்கின்றன. எந்தச் செயலியும் அந்தப் பேச்சை இன்னும் தன்னுள் வாங்கவில்லை.

மூன்றாம் நிலைப்பாடு: திறந்த வரைபடம்

ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மெப், வரைபடம் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம், யாரும் பயன்படுத்தலாம். ஓர்கானிக் மெப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகள் இந்தத் தரவை முழுமையாகத் தொலைபேசியில் இறக்கிவைத்து, சிக்னல் இல்லாத இடத்திலும் வழிகாட்டுகின்றன. கூகுளிலும் ஒரு பகுதியை இறக்கிவைக்கலாம். ஆனால் இணைப்பில்லாதபோது அது வாகன வழியை மட்டுமே தரும், நடைவழியைத் தராது.

புவியியலாளர் மைக்கல் குட்சைல்ட் 2007இல் இத்தகைய முயற்சிகளுக்குத் ‘தன்னார்வப் புவியியல் தகவல்’ என்று பெயரிட்டு, சாதாரண மனிதரையே உணர்கருவியாகக் கருதலாம் என்று வாதிட்டார். அந்த வாதத்துக்கு 2010 ஹெய்ட்டி நிலநடுக்கம் வலுச் சேர்த்தது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் சில நாட்களில் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரை வரைந்து மீட்புப் பணியாளர்களுக்குக் கொடுத்தார்கள். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. உலக வங்கியின் ஆதரவோடு அனர்த்த முகாமைத்துவ நிலையம் மேற்கொண்ட பணியில், மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரதேசத்தின் கட்டடங்களும் வீதிகளும் இந்தத் திறந்த வரைபடத்தில் ஏற்றப்பட்டன. வெள்ளம் வந்தால் எந்த வீடு மூழ்கும் என்று பார்க்கவே அந்த வேலை நடந்தது.

தரம் பற்றிய ஐயத்தை இலண்டனில் மோர்டெகாய் ஹக்லே ஆராய்ந்தார். 2010இல் வெளிவந்த அவருடைய ஒப்பீட்டில், தன்னார்வலர் வரைந்தவை பிரித்தானிய அரச வரைபடத்திலிருந்து சராசரியாக ஏறக்குறைய 6 மீற்றரே விலகியிருந்தன. கூடவே அவர் இன்னொன்றையும் கண்டார்: வறிய பகுதிகள் குறைவாகவே வரையப்பட்டிருந்தன. ஓய்வும் கருவியும் உள்ளவர் எங்கே வாழ்கிறாரோ அங்கே வரைபடம் செழிக்கிறது. கிழக்கிலங்கைக்கு இது நேராகப் பொருந்தும் எச்சரிக்கை. தொலைவிலிருந்து செய்மதிப் படத்தைப் பார்த்து வரையும் ஒருவருக்கு வயல் வரம்பும் உழவு இயந்திரப் பாதையும் ஒன்றுபோலத் தெரியலாம். பெயர் அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்படியிருந்தும் இந்தத் தரவின் அமைப்பில் இம்மாவட்டத்துக்கு ஏற்ற இடங்கள் இருக்கின்றன. வீதி மண்ணா தாரா, ஆற்றை இறங்கிக் கடக்க வேண்டுமா, மிதவை உண்டா, சில மாதங்களில் மட்டும் போகலாமா என்றெல்லாம் தனித்தனியே குறிக்கலாம். ஓர் ஊருக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் எழுதலாம். குறிப்பதற்கு ஆள் வேண்டும் என்பதே மீதிப் பிரச்சினை.

நான்காம் நிலைப்பாடு: அரச வரைபடமே ஆதாரம்

காணி எல்லையையும் வீதியின் சட்ட நிலையையும் உறுதிசெய்ய வல்லது அரசு மட்டுமே. ஆகவே அரச தரவே அடித்தளமாக வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. தென்கொரியா விரிவான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல கூகுள் கேட்ட அனுமதியை 2007இலும் 2016இலும் மறுத்தது. அங்கே நேவர், ககாவோ என்ற உள்நாட்டுச் செயலிகள் வேரூன்றின. இந்தியா 2021 பெப்ரவரியில் எதிர்த்திசையில் நடந்தது: உள்நாட்டு நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க இருந்த முன்னனுமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

அரச வரைபடத்துக்குப் பொறுப்பேற்பவர் உண்டு. பிழையென்றால் கேட்க ஓர் அலுவலகம் உண்டு. இது பெரிய பலம். ஆனால் தாள் வரைபடத்தின் புதுப்பித்தல் வேகம் வீதியின் மாற்றத்தோடு ஓடி வராது. அதைவிட ஆழமான விமர்சனத்தை ஜே. பி. ஹார்லி 1980களின் இறுதியில் எழுப்பினார்: வரைபடம் காட்டுவதைப் போலவே காட்டாமல் விடுவதும் அதிகாரத்தின் வேலை.

கொட்டியாரக் குடாவின் தென்கரை இதற்கு அருகிலுள்ள பாடம். 2006 யுத்தத்தில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டன. 2015இல்தான் 818 ஏக்கர் காணியை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் முடிவு வந்தது. கைத்தொலைபேசி வரைபடங்கள் உலகெங்கும் வேகமாக வளர்ந்த ஆண்டுகள் இவையே. ஊரார் நடமாட முடியாத நிலத்தில் ஊராரின் தொலைபேசியும் நடமாடவில்லை. ஒழுங்கையின் பெயரைச் சொல்லவும் ஆள் இருக்கவில்லை. ஆக, மௌனம் அரச வரைபடத்தின் குறை மட்டுமல்ல. நகர்விலிருந்து கற்கும் நிறுவன வரைபடமும் தன்னார்வ வரைபடமும் அதே மௌனத்தைத் தம்மை அறியாமலே படியெடுத்துக்கொள்கின்றன.

ஐந்தாம் நிலைப்பாடு: கருவியில் சாய்ந்தால் வழி மறந்துபோகும்

செயலி எவ்வளவு சரியானாலும் அது மனிதரின் வழியறிவைத் தேய்க்கிறது என்று ஒரு சாரார் கருதுகின்றனர். இலண்டன் டக்ஸி ஓட்டுநர்களின் மூளையில் இடநினைவோடு தொடர்புடைய ஹிப்போகம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை எலினர் மக்குவயர் குழு 2000இல் காட்டியது. வழிகாட்டியைப் பின்பற்றிப் போகும்போது அப்பகுதி வழியைக் கணிப்பதில் ஈடுபடவில்லை என்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் 2017 ஆய்வு கூறியது. அதில் பங்குபற்றியவர்கள் 24 பேர். ஜிபிஎஸ்ஸை அதிகம் பாவித்தவர்களின் இடநினைவு வேகமாகக் குறைந்ததாக 2020இல் கனடாவின் மக்கில் ஆய்வாளர்கள் எழுதினர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் மீண்டும் சோதித்தது 13 பேரை மட்டுமே. போக்கு கவலைக்குரியது, எண்ணிக்கையோ சிறியது. இதை முடிந்த முடிவாகக் கொள்ள இன்னும் நாள் இருக்கிறது.

எனினும் இக்கருத்தில் இம்மாவட்டத்துக்கு முக்கியமான ஒரு கூறு உண்டு. மாரியில் வெருகல் பக்கம் எந்தத் தாம்போதியில் தண்ணீர் ஏறும், எந்தக் குளக்கட்டில் பாரவாகனம் போகக்கூடாது என்பவை ஆட்களின் தலைக்குள் இருக்கும் அறிவு. யாரும் கேட்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்ச் சேராது.

உரைகல்: நீரும் பாலமும்

இந்த ஐந்து நிலைப்பாடுகளையும் உரசிப் பார்க்க இங்கே இயற்கையே ஓர் உரைகல்லை வைத்திருக்கிறது. நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அதைச் சுற்றிக் களப்புகள், கிளையாறுகள், குளங்கள்.

வடக்கே கொக்கிளாயைப் பாருங்கள். களப்பின் முகத்துவாரத்துக்கு ஒரு கரையில் கொக்கிளாய், மறுகரையில் புல்மோட்டை. கண்ணுக்கெட்டும் தூரம். நடுவே பாலம் வேண்டும் என்பது முல்லைத்தீவு, திருகோணமலை மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. வாகனக்காரர் களப்பைச் சுற்றித்தான் போக வேண்டும். இங்கே நேர்கோட்டுத் தூரத்தை நம்பித் திட்டம் போடுபவர் ஏமாறுவார். வீதி வலையைச் சரியாக வைத்திருக்கும் செயலி காப்பாற்றும். மறுபக்கம், படகில் கடக்கக்கூடிய ஒருவருக்கு அந்த வழியைச் செயலி காட்டாமலும் போகலாம்.

கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்தது துயரமானது. பழைய பாலத்தை அகற்றிப் புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அக்கரை போக மக்களுக்கு இருந்தது ஒரு மிதவை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்து, பாடசாலை செல்லும் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஒரு கடவையைப் பற்றி வழிகாட்டி ஒருவர் அறியவேண்டியவை மூன்று: பாலம் இன்று இருக்கிறதா, இல்லையென்றால் மாற்று ஏற்பாடு என்ன, அந்த ஏற்பாடு பாதுகாப்பானதா. முதலாவதைச் செய்மதிப் படம் காலம் தாழ்த்திச் சொல்லும். இரண்டாவதைத் திறந்த வரைபடத்தில் ஒருவர் குறித்தால் அறியலாம். மூன்றாவதை எந்தச் செயலியும் சொல்வதில்லை. சொல்லவேண்டிய கடமை அதிகாரிகளுக்கு உரியது.

இது உலகெங்கும் உள்ள ஓட்டை. அமெரிக்காவின் வட கரோலைனாவில் 2013இல் இடிந்த பாலத்தை வழியாகக் காட்டியதால் 2022இல் ஒருவர் இறந்தார் என்று அவருடைய குடும்பம் வழக்குத் தொடுத்தது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே முடிவுறாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் மாண்டனர். அங்கும் வழிகாட்டும் செயலியின் பங்கு பற்றிக் கேள்வி எழுந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் வெள்ளமும் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. மாவிலாற்றுப் பக்கம் அணைக்கரை உடைந்து மூதூர், வெருகல், சேருவில மக்கள் இடம்பெயர்ந்தனர். அடுத்த மாதமே, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் தகவலைக் கொண்டு பிரதான வீதிகளின் மூடல்களை கூகுள் வரைபடத்தில் காட்டும் முன்னோடி முயற்சி அறிவிக்கப்பட்டது. அரசின் பொறுப்பும் நிறுவனத்தின் வீச்சும் ஒன்று சேர்ந்த நல்ல தொடக்கம் இது. ஆனால் இது ஏ, பி தர வீதிகளோடு நிற்கிறது. வெள்ளத்தில் முதலில் துண்டாவது பிரதேச சபைக்கும் மாகாணத்துக்கும் உரிய சிறு வீதிகளே.

பெயர் கிடைத்தால்தான் வழி கிடைக்கும்

தேடும் பெட்டியில் எதை எழுதுவது என்பது சிறிய விடயமாகத் தெரியலாம். நகரின் ஒரு பகுதி தமிழில் உவர்மலை, ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில். வெருகல் பிரதேசம் ஈச்சிலம்பற்று என்றும் வழங்கும். கந்தளாயையும் தம்பலகாமத்தையும் ஆங்கில எழுத்தில் எழுத ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் பெரும்பாலான செயலிகளில் ஊர்ப்பெயர் முதலில் ஆங்கில எழுத்தில் பதிவாகி, பிறகுதான் தமிழுக்கு ஒலிபெயர்க்கப்படுகிறது. இப்படித் திரும்பி வரும் பெயரில் லகர, ளகர, ழகரம் குழம்புகின்றன. குழம்பிய பெயரைக் குரல்வழியில் கேட்பவர் அதுதான் ஊரின் பெயர் என்று எண்ணக்கூடும்.

பெயர்கள் இம்மாவட்டத்தில் உரிமையோடும் நினைவோடும் கட்டுண்டவை. மூன்று மொழிப் பெயர்களையும் அருகருகே வைத்திருக்கும் தரவமைப்பே இதற்கு நேர்மையான தீர்வாகத் தெரிகிறது. திறந்த வரைபடம் அதற்கு இடம் தருகிறது. நிறுவன வரைபடத்தில் பயனரின் தொலைபேசி மொழியும் நிறுவனத்தின் தெரிவும் பெயரைத் தீர்மானிக்கின்றன. 64ஆம் கட்டை போன்ற வழக்குப் பெயர்களை இரண்டிலும் யாராவது எழுதி ஏற்றினால்தான் உண்டு.

கடல் என்னும் வெற்றிடம்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைக் கொண்ட ஊரில், வீதிச் செயலிகள் எல்லாம் கரையோடு நின்றுவிடுகின்றன. ஆழமான உட்துறைமுகமும் பாறைத் திட்டுகளும் அவற்றுக்கு ஒரே நீலம். கடலோடிகளுக்கு வேறு மரபு இருக்கிறது: நீரியல் வரைபடம், கையடக்க ஜிபிஎஸ், கடல்வழிக்கென்றே உள்ள செயலிகள். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்கு விதித்த தடையின் பின், பலநாட் கலங்களில் கண்காணிப்புக் கருவி பரவலாயிற்று. கரையோரச் சிறு வள்ளங்களுக்கு அது இல்லை. வீதிச் செயலியைக் கடலில் வழிகாட்டியாகக் கொள்வது ஆபத்து. ஆழத்தையும் பாறையையும் அது அறியாது.

மதிப்பீடு

ஒப்பீட்டின் முடிவு ஒரு செயலியின் பெயராக இருக்க முடியாது. நகருக்குள்ளும் பிரதான வீதிகளிலும், கடை, வங்கி, வைத்தியசாலை தேடவும் கூகுள் முன்னிற்கிறது. சிக்னல் தளரும் உட்பகுதிகளுக்கும் நடைவழிக்கும், முன்கூட்டியே இறக்கிவைத்த ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் செயலி ஒன்று துணையாக இருப்பது நல்லது. வேஸ் இங்கே வலுப்பெறப் போதிய பயனர்கள் வேண்டும். சட்டபூர்வமான எல்லைக்கு நில அளவைத் திணைக்களமே ஆதாரம். மாரி மாதங்களில் கடவைகளைப் பொறுத்தவரை, சந்தியில் நிற்பவரிடம் கேட்பது எல்லாவற்றுக்கும் மேல்.

தீராத கேள்விகள் மூன்று. பாலமும் தாம்போதியும் மூடப்படும் தகவலைச் சிறு வீதிகள்வரை யார், எந்த நேரத்துக்குள், எல்லாச் செயலிகளுக்கும் தர வேண்டும்? தவறான வழியால் உயிர் போனால் பொறுப்பு எவருடையது? இடம்பெயர்வின் ஆண்டுகளில் தரவில் விழுந்த இடைவெளியை எப்படி நிரப்புவது? முதலிரண்டுக்கும் விடை சட்டத்திலும் நிர்வாகத்திலும் இருக்கிறது.

மூன்றாவதற்கு விடை ஊரில் இருக்கிறது. மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் பாடசாலைகள் உண்டு, புவியியல் கற்கும் மாணவர்கள் உண்டு. ஒழுங்கை, குளம், கட்டை, துறை ஆகியவற்றின் பெயர்களை மூத்தவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதி, வீதி எந்த மாதத்தில் மூழ்கும் என்பதையும் சேர்த்துத் திறந்த வரைபடத்தில் ஏற்றுவது ஒரு தவணைக்குள் செய்யக்கூடிய வேலை. ஆசிரியர்களும் பிரதேச சபைகளும் அடுத்த மாரிக்கு முன் அதைத் தொடங்க வேண்டும்.